தீட்டு ரூமின் பதினாறாம் நாள்

டாக்டரய்யாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பும்போது உங்கள் வீட்டம்மா பின்கட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்கள். நீல அட்டை. அதில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெறித்துச் சாயம் போன இடங்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் ஆஸ்பத்திரியின் தப்பு நோட்டு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு வாரம் தொடவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள் செல்வி. நான் பேசுவது ஒரு தமிழ், அவள் தாளில் இறக்குவது ஒரு தமிழ். கேட்டால், "கடுதாசின்னா இப்படித்தான் அத்தே" என்கிறாள். இருக்கட்டும். உங்களுக்கு இரண்டும் புரியும்.

பாளையங்கோட்டையில் நாய்க்கும் பூனைக்கும் மட்டுமென்று நீங்கள் ஆஸ்பத்திரி வைத்தபோது தெருவே சிரித்தது. அதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் குடை ரிப்பேர் செய்கிறவர் இருந்தார். அவர் நடையைக் கட்டி ஒரு வருஷமாகியும் மழை தூறினால் யாராவது கம்பி ஒடிந்த குடையோடு வந்து நிற்பார்கள். நீங்களும் வாங்கி விரித்துப் பார்த்து, "எலும்பு முறிவுதான். ஆனா நம்ம கேஸ் இல்ல அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுப்பீர்கள். அதில் ஒருத்தர் மறுநாள் தன் வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பூனைக்கு ஒரு காது...

செல்வி பேனாவை மூடிவிட்டாள். "அத்தே, நோட்டு எங்க, பூனை எங்க?" சரி, பூனை அங்கேயே இருக்கட்டும்.

உங்களோடு படித்தவர் வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். வீட்டுப் பிராணிகளுக்கான ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும், கத்தியை எப்படி அவிக்க வேண்டும், சீக்கு நாயை எங்கே வைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது என்றீர்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். கூட்டிப் பெருக்குகிற நான்தான் அதைத் தினமும் தூசி தட்டுவேன். ஓர் எழுத்துத் தெரியாது.

"நம்ம ஊர்ல நாய் ஆஸ்பத்திரிய வந்து பாத்துச் சான்று குடுக்க ஆள் இல்லக்கா. வாரப்ப வரட்டும். நாம இப்பமே பாஸாயிருவோம்" என்பீர்கள்.

கம்பவுண்டர் மருந்து கலக்கிக்கொண்டே முணுமுணுப்பார்: "பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடத்துல பாஸாகப் போறாராம்."

பின்னால் மாட்டுத் தொழுவமாக இருந்ததைச் சுவர் வைத்து, கதவு போட்டு, ரத்தமாகக் கழியும் குட்டிகளுக்கென்று ஒதுக்கினீர்கள். பார்வோ என்று அந்தச் சீக்குக்குப் பேர். குட்டி போன பிறகும் கிருமி தரையிலேயே கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் மசியாது, பிளீச்சிங் பவுடர்தான் என்று சொன்னீர்கள். கதவில் 'தனிமை அறை' என்று எழுதிப் போட்டீர்கள். அதைப் படித்தவர்களெல்லாம், தனியாக உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். அதே செருப்போடு முன்பக்கம் வந்து மற்ற நாய்களைத் தடவினார்கள். உங்களுக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அப்போது நான் சொன்னேன்: "தீட்டு ரூம்னு சொல்லிப் பாருங்கய்யா. ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்."

அன்றிலிருந்து யாரும் பார்க்கவில்லை. கம்பவுண்டர்கூடச் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் முன்னால் வந்தார். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தீர்கள். "வெள்ளைக்காரன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். நீங்க ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியளே யக்கா."

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் சீலை முடிச்சில் போட்டதுபோல வைத்திருந்தேன். அந்த வார்த்தைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

நீங்கள் உவரிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடப் போயிருந்த நாள். ஆழ்வார்திருநகரியிலிருந்து கருப்பட்டிக் கடை அண்ணாச்சி தன் நாய்க்குட்டி ஜிம்மியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வண்டிச் சக்கரம் ஏறி முன்னங்கால் ஒடிந்திருந்தது. இரண்டு மாதக் குட்டி. கம்பவுண்டர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாளைக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டார்.

முன்னறையில் நான்கு பெரிய நாய்கள். அது குரைத்தால் இது குரைக்கிறது. குட்டி நடுங்கி என் மடியிலேயே மூத்திரம் போய்விட்டது. பின்னறை காலியாகப் பூட்டிக் கிடந்தது. அங்கே கடைசிக் குட்டி செத்தபோது, "பூட்டிப் போடுங்க, தீட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள். நான் விரல் மடக்கி எண்ணினேன். அன்றோடு பதினாறு. மனுசனுக்கே பதினாறில் கழிகிற தீட்டு நாய்க்குக் கழியாதா? பூட்டைத் திறந்து, கூட்டி, மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி பச்சைக் குட்டிக்கு ஆகாது என்று அதைத் தொடவில்லை. சாக்கு விரித்துப் படுக்கப் போட்டேன். குட்டி நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் நீங்கள் வருவதற்கு முன்பே அண்ணாச்சி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் அதே துண்டில் திரும்பி வந்தது. வாந்தி. துண்டெல்லாம் ரத்தம். அண்ணாச்சியை வாசலில் உட்காரவைத்துவிட்டு எங்களைக் கேட்டீர்கள்: "அன்னைக்கு இது எங்கன படுத்திருந்துது?"

கம்பவுண்டர் பைய உங்கள் காதருகே வந்தார். "தெருவுல எதையாவது நக்கியிருக்கும் சார். அப்படியே சொல்லிருவோம்."

"தீட்டு ரூம்லய்யா" என்றேன். "பதினாறு கழிஞ்சிட்டேன்னு மஞ்சத்தண்ணி தெளிச்சு..."

"பதினாறா?" என்று கேட்டீர்கள். என்னையே பார்த்தீர்கள். பிறகு வாசலுக்குப் போனீர்கள்.

"அண்ணாச்சி, இந்தச் சீக்கு எங்க ஆஸ்பத்திரியில வச்சுத்தான் இதுக்கு ஒட்டியிருக்கு. தப்பு எங்க மேலதான்."

அண்ணாச்சி அந்த ரத்தத் துண்டைத் தூக்கிக் காட்டினார். "கால் ஒடிஞ்சதுக்குத்தான வே கொண்டாந்தேன்" என்றார். அப்புறம், "பொழைக்குமா?"

"பாதிக்குப் பாதி."

"அப்பம் நான் இங்கனயே இருக்கேன்."

நாலு நாள் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனார். கடையை யார் பார்த்தார்களோ. பூந்துடைப்பக் குச்சி மாதிரியான காலில் நீங்கள் நரம்பு தேடி ஊசி ஏற்றுவீர்கள். நான் காலைப் பிடித்துக்கொள்வேன். என் பிடி நழுவும்போதெல்லாம் "பிடிங்கக்கா, நல்லாத்தான் பிடிக்கிய" என்பீர்கள். ஐந்தாம் நாள் காலையில் அது என் விரலில் இருந்த கஞ்சித் தண்ணியை நக்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி போகும்போது உங்களிடம், "நீரு சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சா இருக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று மத்தியானம் பின்னறையைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றி நீங்களே தேய்த்தீர்கள். அந்த ஈரக் கையோடு தப்பு நோட்டை எடுத்து எழுதினீர்கள். யார் தப்புச் செய்தாலும் அதில் எழுதுவீர்கள். "தப்பு நோட்டுல பொய் இருக்கப்படாது" என்பது உங்கள் பேச்சு. எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காலண்டரைக் காட்டினீர்கள். எத்தனை நாள் பூட்டிவைக்க வேண்டும், எதைக் கரைத்து எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று நான் திருப்பிச் சொல்கிறவரைக்கும் விடவில்லை. நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் உங்களிடம் வேலை பார்த்தேன். அந்த நீல அட்டையைத் தூசி தட்டும்போதெல்லாம், உள்ளே என் பேர் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

செல்வி இப்போது வண்ணார்பேட்டையில் புதிதாக வந்த நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தரச் சான்று கொடுக்க ஆட்கள் வந்து பார்க்கப் போகிறார்களாம். நீங்கள் சொன்ன அந்த ஆட்கள், அய்யா. கடைசியில் வருகிறார்கள். முந்தாநாள் அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மோ தப்பு நடந்தா எழுதி வைக்கத் தனியா ஒரு நோட்டு வேணுமாம் அத்தே. யாராவது தன் தப்பத் தானே எழுதுவாவளா?"

நான் எழுந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததை எடுத்து அவள் மடியில் போட்டேன். "ஜிம்மின்னு ஒரு குட்டி. தேடிப் படிட்டீ."

படித்தாள். "தொற்று அறைக்குத் தீட்டு என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அந்தத் தீட்டு எத்தனை நாளில், எதனால் கழியும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு குட்டி சாகப் பார்த்தது. தப்பு என்னுடையது."

"என் பேரு?"

"இல்ல அத்தே."

"அடுத்த பக்கம் பாரு."

கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினாள். இல்லை.

ஜிம்மி பக்கத்துக்கே திரும்பச் சொன்னேன். பிறகு, அதற்குக் கீழே எழுது என்றேன்.

"செத்தவுக நோட்டுல கை வைக்கலாமா அத்தே?"

"தப்பு நோட்டுல பொய் இருக்கப்படாதுட்டீ. எழுது."

எழுதினாள். 'கேட்காமல் பூட்டைத் திறந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தது பேச்சி.' பக்கத்தில் என் பெருவிரலை வைத்தேன். நாளைக்கு நோட்டை அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள், எப்படி எழுதுவது என்று அங்கே இருப்பவர்களுக்குக் காட்ட. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இனி அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க மாட்டேன்.

உங்கள் பேச்சியக்கா