அமாவாசைக்கு மட்டும் போட்ட மாத்திரை

ஆவணி அமாவாசை, 1971. இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரை ஆராய்ச்சிக்காக நெசவாளர்களைச் சோதிக்க அமாவாசையைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அன்று தறி ஓடாது, எல்லோரும் வருவார்கள். வந்தார்கள். அழுத்தமும் மாதாமாதம் குறைவாகவே இருந்தது. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டருக்கும் எழுதிவிட்டேன்.

இன்று நெசவாளர் ஏகாம்பரத்துக்கு அளந்துவிட்டு, "தினமும் தவறாம போடறீங்க போல" என்று பாராட்டினேன்.

"தினம் எங்கம்மா போடறது? போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. தறிக்குழியில உக்காந்துக்கினு எத்தினி வாட்டி ஏறி எறங்கறது? இன்னிக்குத் தறி இல்ல, நீங்களும் பாப்பீங்க. அதான் காலையிலயே போட்டுக்கினு வந்தேன்."

ஒளிவு மறைவே இல்லாமல் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் "நீங்களுமா?" என்று கேட்டேன். முன்னால் நின்றவர், அளப்பதற்காக மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

விடிந்தால் தறி ஓடும். நாளை அவர்களுடைய அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் தெரிந்ததில்லை.