கூண்டுப் பண்ணை வீட்டிலிருந்து

இவருடைய சட்டையை வாளியில் ஊறப்போட்டபோது கோழி எச்சத்தின் காரநெடி மூக்கில் ஏறியது. அன்று பண்ணை வாசல்களில் அந்த நெடியில் நீ மூக்கைப் பொத்தாமல் நிற்பாய். இப்போது அது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நீ போன பிறகு, கொட்டகலைக்கு மேலே உள்ள முட்டைப் பண்ணையில் இவருக்கு லொறி ஓட்டும் வேலை கிடைத்தது. பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறோம். சன்னலைத் திறந்தால் கம்பிக் கூண்டுகள். சிறகை விரிக்க இடமில்லாமல் நெருக்கி நிற்கும் கோழிகளைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், இப்படிக் கூண்டில் அடைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்க தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக என்னை இழுத்துக்கொண்டு போனாய். காகிதத்தைக் கண்டதும் எல்லாரும் உள்ளே ஒதுங்கினார்கள். தோட்டத்தில் யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால் அது தொழிற்சங்கம் மாற்றத்தான். அடுத்த சம்பளத்தில் சந்தா வெட்டுவார்கள்.

"எந்தச் சங்கம் டீச்சர்?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"கோழிச் சங்கம்க்கா. சந்தா கெடையாது," என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. "எட்டுப் பேரு ஒரே காம்பராவுல கெடக்குறோம். எங்களுக்கு வராத சட்டம் கோழிக்கு வருதாக்கும்."

"அதான் ஒங்ககிட்ட வந்தோம். அடஞ்சி கெடக்குறது என்னான்னு கொழும்புல இருக்கறவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

திரும்பும் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். போர்க்காலம், நம் பையிலோ தாள் தாளாகத் தமிழ்ப் பெயர்கள். எதற்கு இது என்று ஒருவன் கேட்டபோது நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். நீதான் சிங்களத்தில், "கிக்கிளியன்ட, மாத்தயா," கோழிகளுக்காக ஐயா, என்றாய். அவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. "யார்கிட்டயும் சொல்லிறாத டீ," என்றாய். அடுத்த மழைக்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்தச் சட்டத்தைப் பற்றிக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கருத்துக் கேட்கப்போகிறார்கள். பண்ணையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் நான். அதனால் நான் பேசவேண்டும் என்று சட்டம் கேட்டு நிற்பவர்கள் சொல்லியனுப்பினார்கள். பண்ணைக்காரரும் வருவார். என் முகம் அவருக்குத் தெரியும்.

"வேல போனா வீடும் போயிரும். கைப்பிள்ளய வச்சிக்கிட்டு எங்க போறது?" என்றார் இவர். பிறகு, சட்டைப் பொத்தானைப் பூட்டியபடியே, "போறதுன்னா போ. எம்பேர மட்டும் சொல்லாத," என்றார்.

வாசலில் லொறிச் சத்தம் கேட்டாலே பிள்ளையை வாரித் தூக்கிக்கொள்கிறேன். உன்னைப்போல் சிரித்துச் சமாளிக்க எனக்கு வராது. உன்னிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அந்த நடுக்கம்தான். அது இருக்கும்போதும் வாய் பேசும் என்று உன்னிடம்தானே பார்த்தேன்.

இன்று காலை கடைத்தெருவுக்குப் போய், கச்சேரிக்குப் போன் எடுத்து, பேச வருகிறேன் என்று பெயர் கொடுத்தேன். முகவரி கேட்டார்கள். பிள்ளை இடுப்பில் நெளிந்தது. பண்ணை வீட்டு முகவரியைத்தான் சொன்னேன்.