கையிலிருந்து வாங்கிய மார்க்கர்

வெள்ளிக்கிழமை இரவு

எழுத்து மேலும் கீழும் ஓடுகிறது. படிக்கப்போவது நான் மட்டும்தான், பொறுத்துக்கொள்கிறேன். இந்த வயதில் எழுத வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் இன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு எழுத்துச் சொல்லித்தருபவள் என் மகள் மாலதி, பள்ளி ஆசிரியை. தர்ஷினி என்ற பயிற்சி ஆசிரியையையும் அவளிடம் விட்டிருக்கிறார்கள். இன்று தர்ஷினி பாடத்தில் திணறினாள். பின்னால் உட்கார்ந்திருந்த மாலதி பொறுக்காமல் எழுந்துபோய், பிள்ளைகள் முன்னாலேயே அவள் மார்க்கரை வாங்கித் தானே நடத்தி முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்:

“அப்புறம் ஒரு பிள்ளகூட அவளப் பாக்கலப்பா. எல்லாம் என்னையே பாக்குதுங்க. இனிமே வரல டீச்சர்னு சொல்லிட்டுப் போயிட்டா. என் சிலபஸும் ஓடணும், அவளையும் தூக்கிவிடணும். முடியல லா.”

“போன் பண்ணிப் பாரும்மா.”

“எடுக்க மாட்டேங்கிறா.”

பிறகு எழுத உட்கார்ந்தேன். ‘ழ’ வளையவில்லை. வழக்கம்போல் மாலதியின் கை என் பேனாவுக்கு நீண்டது, பாதியில் நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கோணலாக ஒரு ‘ழ’ வந்தது.

திங்கட்கிழமை தர்ஷினி வந்தாளா என்பதை அடுத்த வாரம் இங்கே எழுதுவேன். வரவில்லை என்று எழுதும்படி ஆகக்கூடாது.