தோல் போட ஒரு கிண்ணம்

ஏங்க,

நான் கல்லறைக்குக் கிளம்பிட்டேன். நம்ம மகன் கோஹெய் செத்தப்புறம் வர்ற முதல் ஓபோன் பண்டிகை. விளக்கேத்தி அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். "செத்தவன் எங்கடி வரப்போறான்"னு நேத்து கத்துனீங்களே, அது எனக்கு இன்னும் ஆறல. கூட வரலன்னா போங்க, வீட்டு வேலையையாவது பாருங்க.

எடமாமே சோயாக்காய் தொட்டியில இருக்கு. காலையில பறிச்ச காய், வாடுறதுக்குள்ள வேகவச்சிடணும். ரெண்டு நுனியையும் கத்தரிச்சு, கல்லுப்பு போட்டுத் தேய்ச்சு, கொதிக்கிற தண்ணியில நாலே நிமிஷம். வடிச்சு மூங்கில் தட்டுல கொட்டி விசிறுங்க. பச்சத்தண்ணியில அலசிடாதீங்க, அவன் தொடமாட்டான்.

கதவைப் பூட்டிடாதீங்க. அவன் சாவியைத்தான் நீங்க அன்னைக்கே பிடுங்கி வச்சிட்டீங்களே.

நாங்க ரெண்டு பேரும் ஆறு மணிக்குள்ள வந்துடுவோம்.

ஃபுமியே

சொல்ல மறந்துட்டேன். அவன் படத்துக்கு முன்னால காயோட ஒரு காலிக் கிண்ணமும் வைங்க, தோல் போட. போன கோடையில பாயில தோலைப் போட்டான்னுதானே "வீட்டை விட்டுப் போடா"ன்னீங்க? சாம்பலாத்தான் திரும்பி வந்தான். இன்னைக்கு அவன் எங்க போட்டாலும் ஒண்ணும் சொல்லாதீங்க.