வண்டி கிளம்பிவிட்டது, விற்க வேண்டாம்

என் வாண்டு,

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால் வலியும் இரண்டு நாளாக லீவில் இருக்கிறது. நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

முதலில் தலைபோகிற விஷயம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வரும்போது அப்பாவுடைய கார் கிளம்பவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிடச் சொன்னாய். நானும் போனில் சரி சரி என்றேன், என் சரியைப் பற்றி உனக்குத் தெரியாதா. அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது, வண்டியும் போய்விட்டால் வாசல் கதவைத் திறந்து நான் எதைப் பார்ப்பது. அதனால் வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். எதையும் தொடுவதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பாரே, அப்பாகூட மூக்கு என்று பெயர் வைத்தாரே, அவர்தான்.

பானெட்டைத் திறந்து குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். என்னக்கா இது, பெட்ரோல் பங்க் மாதிரி வாடை அடிக்குது, வண்டி அளவுக்கு மேல குடிச்சுட்டு மூச்சு முட்டிக் கிடக்கு, என்ன பண்ணினீங்க என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அவர் விட்டால்தானே. கடைசியில் சொல்ல வேண்டியதாகிவிட்டது, உனக்கும் இப்போது சொல்கிறேன், திட்டாதே. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. ஆனால் கேட்டைத் தாண்டத் தைரியம் வரவில்லை. தினமும் காலை ஏழரைக்கு, அப்பா கிளப்புகிற அதே நேரத்துக்கு, சோக்கை இழுத்துக் கிளப்புவேன், அந்தச் சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு அணைப்பேன், அப்புறம் பஸ்ஸுக்கு ஓடுவேன். வண்டிக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூக்கு தலையில் கை வைத்துக்கொண்டார். சோக் இழுத்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்குமாம், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்தால் எரியாமல் தேங்கி, பொறி வருகிற பிளக்கை நனைத்துவிடுமாம். அது கிளம்ப மறுத்த பிறகு நான் ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்து இன்னும் ஊற்றியிருக்கிறேன். தினம் எழுப்பி எங்கயும் கூட்டிட்டுப் போகாம திரும்பப் படுக்க வெச்சா மனுஷனுக்கே கோவம் வரும்க்கா என்றார்.

நாலு பிளக்கையும் நானே கழற்றினேன். ஒயர் மாறக்கூடாது என்றார், எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வார்டுக்கு ஒரு கலர் நூல் மூட்டையில் கட்டுவோமே, அதேபோல ஒயருக்கு ஒரு நூல் கட்டிவைத்தேன். பேசாம எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்க என்றார், நீங்க சம்பளமா குடுக்கிற டீக்குக் கட்டுப்படி ஆகாது என்றேன். பிளக்கைத் துடைத்து வெயிலில் காயவைத்து மாட்டினோம். சோக்கை உள்ள தள்ளிடுங்க, ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சு அப்படியே வெச்சுக்கிட்டு சாவியைத் திருப்புங்க, காலை எடுத்து எடுத்து மிதிக்கக் கூடாது என்றார். குடிச்சது போதாதா, இன்னும் ஊத்தணுமா என்றேன். அப்படி மிதித்தால் காற்று நிறையப் போய் உள்ளே இருப்பதைக் காயவைத்துவிடுமாம். முதல் தடவை இருமியது. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி திருப்பினேன், அப்போதும் இருமல்தான். மூன்றாவது தடவை கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது பார், எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, தீயணைப்புக்குச் சொல்லட்டுமா, இல்ல உங்க சமையல் புகைதானா என்று கேட்டார். மூக்கு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அணைச்சீங்கன்னா நான் இனிமே வரமாட்டேன், அரை மணி நேரம் ஓட்டுங்க என்றார். ஓட்டினேன்டா. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தே களைத்துப்போனார்.

நேற்று நான் தனியாகவே வேலைக்கு ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஆகவே இரும்புக் கடைப் பேச்சு இத்தோடு சரி, சித்தப்பாவைச் சாப்பாட்டுக்கு மட்டும் வரச் சொல். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போ.

ஒன்று மட்டும் நேற்றிலிருந்து மனசிலேயே நிற்கிறது. காலையில் போகும்போது வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணாடிக்கு மேலே வெயிலை மறைக்கிற தட்டை இறக்கலாம் என்று கையை நீட்டினால் அப்பா உட்கார்ந்து ஓட்டுகிற பக்கத்தில் தட்டே இல்லை, இரண்டு திருகாணி ஓட்டைதான் இருக்கிறது. நான் எப்போதும் உட்காருகிற இடது பக்கத்தில் மட்டும் இருக்கிறது, இத்தனை வருஷம் அதை இறக்கிவிட்டுக்கொண்டு நான் நிழலில் போயிருக்கிறேன். என்னை வேலைக்குக் கொண்டுவிடுகிற வழியெல்லாம் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ஓட்டுவார். என் பேச்சு பிடிக்கவில்லை என்று நினைத்து நான் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன், என் முகமும் அப்படியேதான் சுளித்திருந்தது. வாண்டு, அவருக்கு வெயில்தானா? நான் பேசிக்கொண்டே வந்திருக்கலாமா?

உன் அம்மா