ரோஜாச் செடி வலையில் மயில்

ஐப்பசி, செவ்வாய், இரவு.

உள்ளங்கையில் அந்த மயிலின் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

மயில்கள் ரோஜா மொட்டுகளைத் தின்றுவிடுகின்றன என்று என் வீட்டுக்காரர் செடிகளைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தார். வேலை போன பிறகு அவர் ஆசையாகச் செய்வது அந்தத் தோட்ட வேலை ஒன்றுதான். இன்று சாயங்காலம் ஒரு பெட்டை மயில் வலையில் சிக்கி, காலை உதறிக்கொண்டு கிடந்தது.

நான் துண்டால் அதன் தலையை மூடி மடியில் அணைத்தேன். அடங்கிவிட்டது. மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில் கழுத்து பச்சையாக மின்னியது.

"கத்தரியப் பைய விடுங்க, கால்ல பட்டுரப் போவுது."

"நீ அசையாமப் பிடி, எஸ்தர்."

ஒவ்வொரு நூலாக வெட்டினார். விட்டதும் அது ஓடவில்லை. நொண்டி நடந்து, நன்றாகச் சிவந்திருந்த மொட்டு ஒன்றைக் கொத்தித் தின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரோ சிரித்தார். எத்தனையோ மாதமாகக் கேட்காத சிரிப்பு.

"அதுக்குப் பசிக்குல்லா. தின்னுட்டுப் போவட்டும்."

தூறலில் நனைந்துகொண்டே இருவரும் மிச்ச வலையையும் அவிழ்த்துச் சுருட்டினோம். காலையில் எத்தனை மொட்டு மிஞ்சுமோ, தெரியவில்லை.

பக்கத்தில் அவர் தூக்க மாத்திரை போடாமலேயே தூங்கிவிட்டார். விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. அணைத்துவிடுகிறேன்.