சங்கு ஊதினால் அடங்கிவிடும் வீடு

காலடிப்பேட்டை
14.2.2000

அன்பு மகள் செங்கொடிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் சோறு தண்ணீர் குறையில்லாமல் இருக்கிறோம், நீ பஹ்ரைனில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றால் அதுவே எங்களுக்கு நலம். அகதிகளைப் பற்றி ஒரு படம் பார்த்தேன், அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காத கதை, அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் படம் இங்கே நம் சுவருக்கு அந்தப் பக்கமே ஓடுகிறது.

காலியாக இருந்த போர்ஷனுக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் ஐந்து வயது மகள் தர்சிகாவும் குடிவந்திருக்கிறார்கள். தாய் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தையல் வேலைக்குப் போய்விடுவாள். இருட்டினாலும் விளக்குப் போட மாட்டார்கள். கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதினால் போதும், அந்த வீட்டில் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும், பிறகு சுவரின் அடியில், தரைக்குப் பக்கத்தில், யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பேய்க்கெல்லாம் பயந்தவளா நான், ஆனால் பாயைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன். வீட்டுக்காரர் சின்னப்பையன், அந்த வூட்ல இன்னாமோ கீதும்மா, தெருவே பயப்படுது, மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டேன் என்றார்.

போன வியாழக்கிழமை சங்கு என்ன கோளாறோ நிற்காமல் ஊதியது. சுவரில் டொக் டொக் என்று இடிக்கிற சத்தம். மனசு கேட்கவில்லை, சின்னப்பையனிடம் மறுசாவி வாங்கித் திறந்தேன், அவர் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே ஆளே இல்லை. தட்டில் பாதிச் சோறு. கட்டிலிலிருந்து தொங்கிய போர்வையைத் தூக்கினேன். அடியில் பிள்ளை குப்புறப் படுத்து, காதுகளைப் பொத்தி, மடித்த துணியைப் பல்லில் கடித்தபடி நடுங்குகிறது, நடுங்கி நடுங்கி அதன் தலைதான் சுவரில் இடித்திருக்கிறது. வெளியே இழுத்தேன். துணியை எடுத்துவிட்டு, பொம்மர் போயிட்டுதோ என்று ரகசியமாகக் கேட்டது. குண்டு போடுகிற விமானமாம், அங்கே அது வருமுன் இப்படித்தான் சங்கு ஊதுமாம், வேலையிலிருந்து வந்த தாய் சொன்னாள். விளக்குப் போடாததும் துணியைக் கடிப்பதும் அந்தப் பழக்கம்தானாம். நமக்கு அந்தச் சங்கு உலை வைக்கிற நேரம், செங்கொடி. சின்னப்பையனிடம் எவ்வளவோ சொன்னேன், அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, காலி பண்ணட்டும் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து சங்கு ஊதினால் நான் சுவரைத் தட்டுவேன், ஒன்றுமில்லை கண்ணு என்று அர்த்தம். அந்தப் பக்கம் அதுவும் தட்டும். நேற்று அவர்கள் அகதிப் பதிவுக்காகப் போலீசில் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள், வீடு பூட்டியிருந்தது. சங்கு ஊதியது, உலை வைத்தது வரை நினைவிருக்கிறது. பிறகு உன் நைனா, இன்னாடி ஆச்சு, ஏன் இங்க படுத்துகினு கீறே என்று குனிந்து பார்க்கிறார். உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, நான் நம் கட்டிலுக்கு அடியில், வாயில் முந்தானை.

சின்னப்பையனிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், அந்தச் சத்தம் இப்போது என் வீட்டிலும் கேட்கிறது, காலி செய்வதென்றால் இரண்டு வீட்டையும் சேர்த்தே காலி செய்யச் சொல்லுங்கள் என்று.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. உன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் பாயைத் தள்ளிப் போடாதே, தட்டிப் பார்.

உன் அம்மா
பவுனம்மாள்